படிவத்தில் இல்லாத பெட்டியும் கூரையில் ஏறாத சோலாரும்

பத்து நாளைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, வரி அலுவலகத்தில் ஒரு பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எனக்குப் பரிதாபப் பார்வை பிடிக்காது. கோபமாகப் பார்த்தால் திருப்பிக் கோபப்படலாம். சந்தேகமாகப் பார்த்தாலோ, அது என் சொந்தத் துறை. பரிதாபத்துக்கு என்ன செய்வது? குனிந்து பைலைப் பார்த்தேன்.

வரி அறிக்கை நிரப்பும் காலம் இது. பைலுக்குள் சோலார் கம்பனி தந்த கடதாசிகள் அத்தனையும் இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த அம்மாவிடம், இங்கே சொல்வதுபோல் அந்த மடமிடம், என்னுடைய பிரெஞ்சில் கேட்டேன்: "எங்கள் வீட்டுக் கூரைக்குச் சோலார் போடுகிறோம். செலவில் பாதியை வரிச்சலுகையாக அரசாங்கம் திருப்பித் தருமாமே... அதை எந்தப் பெட்டியில் எழுத வேண்டும்?"

"அப்படி ஒரு பெட்டி இல்லை, மடம்."

"வேறு படிவத்திலோ?"

"எந்தப் படிவத்திலும் இல்லை. மின்சாரம் எடுக்கும் சோலார் பலகைகளுக்கு வரிச்சலுகை நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. வேறு சில சிறிய உதவிகள் உண்டு. ஆனால் அவை எங்கள் வழியாக வருவதில்லை."

பத்து வருடம்! எனக்குச் சோலார் விற்றவன் அதைப் பற்றிச் சொல்லி மூன்று கிழமைகூட ஆகவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மீன் கடையில் ஐஸை விலக்கிப் பார்த்துத்தான் இறால் வாங்குவேன். "உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது போன் எடுத்தால், முதலில் அவருடைய முழுப் பெயரையும் மேலாளரின் பெயரையும் கேட்டு எழுதிவைப்பேன். பாதிப் பேர் அதற்குள் போனை வைத்துவிடுவார்கள். என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் பொலிஸ்காரி. அப்படிப்பட்ட நான் எப்படிப் போய் விழுந்தேன்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ரஞ்சினி என்று ஒருத்தி. பாரிஸுக்குப் பக்கத்தில், ஸ்தேனில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போன வருடம் அவளுடைய கூரையில் கறுப்புக் கறுப்பாகப் பத்துப் பலகை ஏறியது. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, பாதிக் காசு அரசாங்கம் தருது. எங்களுக்கு வந்திட்டுது. நீங்கள் ஏன் சும்மா இருக்கிறியள்?"

வந்திட்டுது என்று அவள் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து எனக்கு எங்கள் கூரை மொட்டையாகத் தெரிந்தது. பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.

ரஞ்சினி கொடுத்த நம்பருக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் வந்தான். பெயர் சுதன். முப்பது வயதிருக்கும். டை, லாப்டொப், சென்ற் வாசம். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பக் கூடாது என்பார்கள். இவன் ஆறடி. பழமொழியும் என்னைக் கைவிட்டது. வாசலிலேயே சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றினான்.

நான் விட்டேனா? கம்பனியின் பதிவு இலக்கம் எங்கே? காப்புறுதி யாருடைய பெயரில்? பனி விழுந்தால் என்ன, புயல் அடித்தால் என்ன, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு? இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. லோன் ஒன்று போடவேண்டும், இருபத்தாறாயிரம் யூரோ, எங்கள் இரண்டு பேரின் பெயரில். பாதியை வரிச்சலுகை அடைக்கும், மீதியைச் சூரியன் அடைக்கும்.

"உங்கட கையால ஒரு சதமும் போகாது அக்கா. இது அரசாங்கத் திட்டம்."

சோபாவில் என் கணவர் நித்திரையாகிவிட்டார். எனக்கும் கேள்விகள் தீர்ந்துவிட்டன.

"அப்ப சைன் வைப்பமோ அக்கா?"

சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். பாரிஸில் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடை தந்த கலண்டர், பாரிஸ் நேரத்துக்குக் கணித்தது. அட்டமி.

"இண்டைக்கு வேண்டாம் தம்பி. அட்டமி."

வேறு எந்த விற்பனைக்காரனாக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். 'இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை' என்று ஆரம்பித்திருப்பான். இவனோ லாப்டொப்பை மூடினான்.

"நானே சொல்ல இருந்தனான் அக்கா. நல்ல காரியம், நாள் பார்த்துத்தான் செய்யவேணும். புதன்கிழமை நல்ல நேரம் எத்தினை மணி?"

அந்த இடத்தில்தான் என் சந்தேகம் எழும்பி வெளியே போனது. நல்ல நேரம் கேட்கிற கள்ளனை நான் அதுவரை கண்டதில்லை. கலண்டரைப் பார்த்து நானே நேரத்தையும் எடுத்துக் கொடுத்தேன்: ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கே விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஒன்பதே கால் ஆனது. ஒன்பதரை ஆனது. ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. சரியாகப் பத்து மணிக்கு ஓடி வந்தான்.

"சொறி அக்கா, ரயில் நிண்டுட்டுது!"

இந்த ஊரில் அந்தச் சாக்குப்போக்கைச் சந்தேகிக்கிறவர் உண்டா? பையிலிருந்து ஒரு கட்டுக் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தான். எல்லாவற்றையும் வாசிப்பது என்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தேன்.

"ஆறுதலா, மெதுவா வாசியுங்கோ அக்கா. நேரம் மட்டும் பத்தே கால் வரைக்கும்தான்... அவசரமில்லை, வேணுமெண்டால் வேறொரு நாள் வைப்பம்."

வேறொரு நாளா? விளக்கேற்றியாகிவிட்டது. சாமிக்குப் பூ வைத்தாகிவிட்டது. அவன் அவசரப்படுத்தவில்லை, வாசகர்களே. அவசரப்பட்டது நான். "கெதியாக் காட்டுங்கோ தம்பி, எங்கை எங்கை?" என்று கேட்டது என்னுடைய வாய். நல்ல நேரத்துக்குள் எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டும், ஒன்றைக்கூட மிச்சம் விடக் கூடாது. அவன் விரல் காட்டிய பதினொரு இடத்தில் கையெழுத்து வைத்தேன். எனக்குப் பின்னால் என் கணவர், சமையல்காரர் அல்லவா, வெங்காயம் வெட்டுகிற வேகத்தில் டக் டக் என்று. பத்து பதினாலுக்குக் கடைசிக் கையெழுத்து. எங்கள் பிரதிகளை எடுத்து நாலு மூலைக்கும் மஞ்சள் பூசிச் சாமிப்படத்துக்கு முன் வைத்தேன்.

அவன் போகும்போது ஜன்னலால் பார்த்தேன். தெருமுனையில் நின்ற காரைத் திறந்து ஏறினான். ரயிலில் வந்தவன் காரில் போகிறான்!

பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். சினேகிதனுடைய காராக இருக்கும் என்று நானே அவனுக்காக வாதாடினேன். நம்ப வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் பொலிஸ்காரியும் வக்கீலாகிவிடுவாள்.

சரி, வரி அலுவலகத்துக்குத் திரும்புவோம். அந்த மடம் என்னுடைய கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் மூலைகளைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். கறிக் கறை என்று நினைத்திருப்பார். பிறகு ஒரு தாளில் நின்று, தலையை நிமிர்த்தினார்.

"பலகைகள் நன்றாக வேலை செய்கின்றனவா, மடம்?"

"இன்னும் கூரையில் பூட்டவில்லை. நாளைக்குக் காலை எட்டு மணிக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள்."

அவர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பினார். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? பலகைகள் பூட்டியாகிவிட்டன, வேலை முழுவதும் முடிந்தது, எங்களுக்கு முழுத் திருப்தி, லோன் பணத்தைக் கம்பனிக்குக் கொடுக்கலாம். கீழே என் கையெழுத்து. பக்கத்தில் இவருடைய கையெழுத்து. திகதி போடவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ஏற்கெனவே வீட்டு லோன் ஓடுகிறது. இவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சமையலறையில் இருபத்தேழு வருடம் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. அந்த நிற்பில் வாங்கிய வீடு இது. வராத வரிச்சலுகையை நம்பி இரண்டாவது லோனும் வந்து ஏறினால், வீட்டை விற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை என்பார்களே... என் கதையில் அரசன் சொல்லவே இல்லை, சொன்னவன் சுதன்!

அந்த மடம் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இது எங்கள் வேலை இல்லை. ஆனால் பாருங்கள்." ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். எறும்பு எழுத்துக்களுக்குக் கீழே, வெட்டியெடுக்கும்படி புள்ளிக்கோடு போட்ட ஒரு துண்டு. "வீடு தேடி வந்து விற்றால், பதினான்கு நாளுக்குள் நீங்கள் மனம் மாறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விற்பனை ரத்தானால் அதற்கென்று போட்ட லோனும் ரத்து. இதை நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். லோன் கம்பனிக்கும் ஒரு பிரதி. கூரையில் ஆட்கள் ஏறுவதற்கு முன் அனுப்புங்கள்."

விரலை மடித்து எண்ணினேன். பதின்மூன்றாம் நாள்.

இவர் வேலை செய்யும் உணவகம் பாரிஸில், லூயி-பிளாங் தெருவில். ரயிலேறி, கார் து நோர் ஸ்டேசனில் இறங்கி, சனத்தை இடித்துக்கொண்டு நடந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்திருந்தது. இவர் பின்பக்கச் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"உமக்கு எல்லாரிலயும் சந்தேகம். அவன் எங்கட பொடியன். அந்த மடத்துக்குத் தெரியாமலும் இருக்கும்."

"வாசிச்சுப் பாருங்கோ."

கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். இவருக்குப் பிரெஞ்சு வாசிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். உதடு அசைய அசைய வாசித்தார். பாதியில் உதடு நின்றது.

"வேலை முடிஞ்சுதெண்டோ கிடக்கு?"

"ஓம்."

"நாங்களோ சைன் வைச்சிருக்கிறம்?"

"ஓம். நான்தான் முதல் வைச்சனான்."

ஸ்டூலை இழுத்து இருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பேனையைக் கையில் எடுத்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

"இஞ்சேரும்... இப்ப ராகுகாலம்."

நானும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை.

"நாளைக்கு ஒன்பதே காலுக்கு நல்ல நேரம் வருது. பதினாலு நாளுக்குள்ளதானே? நாளைக்கு விடிய வைச்சு அனுப்புவம்."

சிரிக்காதீர்கள். எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் சரி என்று பட்டது! இவ்வளவு பட்ட பிறகும் பட்டது. பிறந்ததிலிருந்து ராகுகாலத்தில் நான் ஒரு பள்ளிக்கூடப் படிவத்தில்கூடக் கையெழுத்து வைத்ததில்லை. பிறகு, விடிய ஏணியோடு வரப்போகும் ஆட்களின் ஞாபகம் வந்தது.

"எட்டு மணிக்கு அவங்கள் கூரையில நிப்பாங்கள். நாங்கள் ஒன்பதே காலுக்கு விளக்கேத்துறதோ?"

வைத்தேன். கத்தரிக்காய்க்குப் பக்கத்தில், மூன்று நாற்பத்திரண்டுக்கு. இவர் கண்ணை மூடி "முருகா" என்று சொல்லிக்கொண்டு வைத்தார். கண்ணை மூடியதால் கையெழுத்துக் கோடு தாண்டிப் போய்விட்டது. தபாற்கந்தோரில் இரண்டு பதிவுத் தபால், இரண்டு பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டுகளைப் பைக்குள் வைத்துவிட்டு, ஸ்தேன் வரை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சொன்னபடி வான் வந்தது. வான் மட்டும் நேரத்துக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டு தொழிலாளர்கள், ஒரு நீள ஏணி. கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே நின்றேன். வேண்டாம், விற்பனையை ரத்துச் செய்துவிட்டோம் என்றேன். ஒருவர் போன் அடித்து, கேற்றுக்கு மேலால் போனை நீட்டினார். அந்தப் பக்கம் சுதன்.

"அக்கா, இப்ப ஒண்டும் செய்யேலாது. வேலை முடிஞ்சுதெண்டு நீங்கள் சைன் வைச்சிட்டியள். பேப்பர் என்ரை கையில கிடக்கு."

"வேலை முடிஞ்சுதோ தம்பி?"

"ஓம், அப்பிடித்தான் பேப்பரில கிடக்கு."

"முடிஞ்ச வேலைக்கு ஏன் ஏணியோட ரெண்டு பேரை அனுப்பினீர்?"

அவன் பிரெஞ்சுக்கு மாறினான். அக்கா போய் மடம் வந்தது. வக்கீல், கோர்ட் என்றெல்லாம் வந்தது. பதிவுத் தபாலின் இலக்கத்தை நான் மெதுவாக, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். போனை வைத்துவிட்டான். அந்தத் தொழிலாளர்கள் பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கேற்றுக்கு மேலால் கோப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு ஏணியை வானில் கட்டிக்கொண்டு போனார்கள்.

முந்தாநாள் லோன் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் நிறுத்தப்பட்டதாம், பணம் எதுவும் கொடுக்கப்படவில்லையாம். மூன்று தரம் வாசித்தேன். அப்படியும் தினமும் காலையில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறேன். நம்பிக்கை வரவில்லை, வரவும் வேண்டாம்.

கடிதத்தைக் கையில் பிடித்தபடி நேராக ரஞ்சினி வீட்டுக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். வாசலில் வைத்தே கேட்டேன்.

"என்னைப் பிடிச்சுக் குடுத்ததுக்கு உனக்கு எவ்வளவு தந்தவன்?"

அவள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் ரெண்டு மாதத் தவணை தாறனெண்டு சொன்னவன் அக்கா. அதுவும் தரேல்லை."

"அப்ப வரிச்சலுகை? வந்திட்டுது எண்டு சொன்னனியே!"

"வரேல்லை அக்கா. ஒரு சதமும் வரேல்லை. எல்லாரும் கேட்டினம்... வரேல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? சிரிப்பினம்."

பகலில் பள்ளிக்கூடம் துடைக்கிறவள், தவணை கட்ட இப்போது பின்னேரங்களில் இரண்டு அலுவலகமும் துடைக்கிறாள். கூரையில் பலகை இருக்கிறது. அவன் சொன்ன மின்சாரத்தில் பாதிகூட வரவில்லை. அவள் தன் பைலைக் கொண்டுவந்து வைத்தாள். அதே பதினொரு இடம். அதே தாள்.

"இவ்வளவு பேப்பரையும் வாசிக்காமலோ வைச்சனி?"

"வாசிக்க நேரமில்லை அக்கா. நல்ல நேரம் எத்தினை மணியெண்டு அவன்தான் கேட்டவன். பிறகு அண்டைக்குப் பார்த்து ரயில் பிந்திப்போச்சு எண்டு வந்தான்..."

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அவனுக்கு எங்கள் பஞ்சாங்கம் எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் நேரத்தைக் கேட்கிறான், ஒவ்வொரு வீட்டுக்கும் பிந்தி வருகிறான். மிச்சத்தை நாங்களே செய்து கொடுக்கிறோம். எனக்கு முன் அவள், அவளுக்கு முன் யாரோ. அந்த யாரோவும் ஒரு கொண்டாட்டத்தில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு "வந்திட்டுது" என்று சொல்லியிருப்பார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் இருக்கிறது. வீடு வாங்கினால் சொல்வோம், கார் மாற்றினால் சொல்வோம். ஏமாந்தால் மட்டும் வாயில் பூட்டு. அந்தப் பூட்டுத்தான் சுதன் போன்றவர்களுக்கு முதலீடு. டையும் லாப்டொப்பும் பிறகுதான்.

ரஞ்சினியின் பதினான்கு நாள் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் வேலை தொடங்குவதற்கு முன்பே வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கியது சும்மா விடக்கூடிய விசயமில்லை. எங்கள் நகரசபையில் வக்கீல் ஒருவர் இலவசமாக ஆலோசனை சொல்கிறார். வரும் வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சரிவருமா என்று தெரியாது. வக்கீலையும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நம்புவேன்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன், அவள் ரஞ்சினி இல்லை. என்னுடைய பெயரை மாற்றவில்லை, வழக்கம்போல் மேலே அச்சாகியிருக்கிறது. இனிக் கோயிலில், கடையில், லாச்சப்பல் தெருவில் என்னைக் கண்டு சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

சிரிக்க முதல், வீட்டுக்குப் போய் உங்கள் பைலில் எதில் எல்லாம் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கள்.